வாளையார் எல்லையில் மீட்டருக்கு மோடம் வைப்பது எப்படி: சிம் முதல் ரீடிங் வரை

கோவையிலிருந்து பாலக்காடு செல்லும் சாலையில் க.க.சாவடி, வாளையார், கஞ்சிக்கோடு என்று ஆலைகள் தொடர்ந்து வருகின்றன. பல முதலாளிகளுக்கு ஒரு யூனிட் தமிழ்நாட்டில், இன்னொன்று கேரளத்தில். நேற்று மாலை ஆறு மணிக்குப் பிறகு எவ்வளவு மின்சாரம் ஓடியது, அதிகபட்சத் தேவை ஒப்பந்த அளவைத் தாண்டியதா என்று இன்று காலையிலேயே தெரிய வேண்டும் என்கிறார்கள். அதற்கு மீட்டர் அறையில் சிம் போட்ட மோடம் ஒன்றை வைத்து, ரீடிங்கை அலுவலகக் கணினிக்கு வரவழைக்க வேண்டும். எல்லையின் இருபுறமும் இந்த வேலையைச் செய்து, எந்தக் காகிதத்தை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் அலைந்த பிறகு இதை எழுதுகிறேன். புதிதாக இறங்கும் மேற்பார்வையாளர்களும் எலக்ட்ரீஷியன்களும் அந்த அலைச்சலை மிச்சப்படுத்திக்கொள்ளலாம்.

பெரும்பாலோர் முதல் நாளே மோடத்தை வாங்கிவிடுகிறார்கள். அது கடைசியில் வாங்க வேண்டியது. மீட்டர் யாருடையது, அந்த அறையில் எந்த நிறுவனத்தின் சிக்னல் நிற்கிறது, அந்த நிறுவனம் எந்த வகை சிம் தரும் என்ற மூன்றும் தெரிந்த பிறகுதான் எந்த மோடம் என்ற கேள்வியே எழ வேண்டும்.

1. மீட்டர் யாருடையது?

பில் போடும் மீட்டர் மின்வாரியத்தின் முத்திரைக்குள் இருக்கிறது. அதன் போர்ட்டில் ஒரு வயரைச் சொருகுவதற்கும் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். முத்திரையை எடுத்துவிட்டுப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், 138-ஆவது பிரிவில், மீட்டரில் அனுமதியின்றிக் கை வைப்பதற்கு மூன்றாண்டு வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. மின் திருட்டு என்று வழக்கு எழுதினால் 135-ஆவது பிரிவு வரும். அது இதைவிடக் கடுமையானது.

உயரழுத்த இணைப்பாக இருந்தால் விண்ணப்பம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அதிகாரிக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டுப் பக்கம் அவர் மின் பகிர்மான வட்டத்தின் மேற்பார்வைப் பொறியாளர், நகல் மீட்டர் சோதனை பார்க்கும் எம்.ஆர்.டி. பிரிவுக்கு. கேரளப் பக்கம் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்து அந்தப் பதவிக்கே எழுதுங்கள். நகல் உங்கள் செக்ஷன் அலுவலக உதவிப் பொறியாளருக்கும், மீட்டர் சோதனை பார்க்கும் டி.எம்.ஆர். பிரிவுக்கும். கடைசி பில்லின் நகல், மீட்டரின் வரிசை எண், மோடத்தின் விவரக் குறிப்பு, ‘ரீடிங் எடுப்பதற்கு மட்டும், எதையும் மாற்றுவதற்கு அல்ல’ என்ற உறுதிமொழி ஆகிய நான்கையும் இணையுங்கள். பதிலுக்கு ஒன்றரை மாதமாவது ஒதுக்கிவையுங்கள். கேட்டதுமே கிடைத்துவிடும் என்று முதலாளியிடம் வாக்குக் கொடுக்க வேண்டாம். வாரியமே அந்த மீட்டரில் தன் மோடத்தை வைத்திருந்தால், அந்தப் போர்ட்டை மறந்துவிடுங்கள். ஒரே போர்ட்டில் இரண்டு பேர் கேள்வி கேட்டால் இருவருக்குமே பதில் கிடைக்காது.

என் பரிந்துரை, மின்மாற்றிக்குப் பிறகு உள்ள தாழ்வழுத்தப் பலகையில் உங்கள் சொந்த மீட்டரை வைப்பது. இதற்கு யாருடைய முத்திரையையும் தொட வேண்டியதில்லை. மின்மாற்றி இழப்பின் அளவுக்கு வாரிய ரீடிங்கைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டும். நாள்தோறும் கண்காணிக்க அது போதும். சி.டி. (மின்னோட்டத்தை மீட்டர் தாங்கும் அளவுக்குக் குறைத்துத் தரும் சிறு மின்மாற்றி) இணைப்பை உரிமம் பெற்ற ஆளை வைத்தே செய்யுங்கள். லோடு ஓடும்போது சி.டி.யின் இரண்டாம் பக்கத்தைத் திறந்துவிட்டால் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்னழுத்தம் எழும். சோதனைப் பலகையில் ஷார்ட் லிங்கைப் போட்ட பிறகே வயரைத் தொட வேண்டும்.

2. மீட்டரைப் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள்

ஒரு நோட்டில் இவற்றை எழுதுங்கள்: மீட்டர் தயாரிப்பு, மாடல், வரிசை எண், போர்ட் வகை, பேசும் மொழி, தகவல் வேகம், முகவரி எண், சி.டி. விகிதம், பி.டி. (மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் மின்மாற்றி) விகிதம்.

பலகை மீட்டர்கள் பெரும்பாலும் ஆர்.எஸ்.485 என்ற இணைவயர் போர்ட்டில் மோட்பஸ் என்ற மொழி பேசும். வாரிய மீட்டர்கள் டி.எல்.எம்.எஸ். என்ற மொழி பேசும், இந்தியத் தரக்குறியீடு ஐ.எஸ். 15959. டி.எல்.எம்.எஸ்.ஸில் கடவுச்சொல் இல்லாமல் வெறும் அடையாளத் தகவல்தான் கிடைக்கும். ரீடிங் எடுக்க ‘மீட்டர் ரீடர்’ நிலைக் கடவுச்சொல் வேண்டும். அந்த நிலையின் கிளையன்ட் எண் 32. அமைப்புகளை மாற்றும் நிலையின் எண் 48. அது உங்களுக்குத் தேவையில்லை, கேட்கவும் வேண்டாம். கேட்டால் சந்தேகம்தான் வளரும். சொந்த மீட்டர் என்றால் வாங்கும்போதே கடவுச்சொல்லையும் பதிவேட்டுப் பட்டியலையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். பணம் கொடுத்த பிறகு அந்தப் பட்டியலுக்காக விற்பனையாளர் பின்னால் நடப்பது வீண் வேலை.

3. அறைக்குள் நின்று, கதவைச் சாத்திவிட்டு, சிக்னல் பாருங்கள்

வாசலில் நின்று கைபேசியில் நான்கு கோடு தெரிகிறது என்று திருப்திப்பட்டுக்கொள்வது போதாது. சிக்னல் வலிமையை எண்ணாகக் காட்டும் செயலி ஒன்றை இறக்கி, ஆர்.எஸ்.ஆர்.பி. என்ற எண்ணைப் பாருங்கள். மைனஸ் 90 என்றால் நல்லது. மைனஸ் 100 வரை சமாளிக்கலாம். மைனஸ் 110-ஐத் தாண்டினால் இணைப்பு அறுந்து அறுந்துதான் வரும். வாளையாருக்கு அருகில் ஒரு மீட்டர் அறையில் வாசலில் மைனஸ் 92 காட்டியது. உள்ளே போய் இரும்புக் கதவைச் சாத்தியதும் மைனஸ் 113. மோடம் வாழப்போவது அந்த மைனஸ் 113-இல்தான்.

மூன்று நிறுவனங்களின் சிம்மையாவது எடுத்துச் சென்று, காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் பாருங்கள். ஒவ்வொரு முறையும் வலிமையோடு அலைவரிசையையும், வலைப்பின்னலின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். எல்லைப் பகுதியில் இந்தக் கடைசி எண்தான் முக்கியம். ஒரே நிறுவனமாக இருந்தாலும் தமிழ்நாடு வட்டத்துக்கு (செல்பேசிச் சேவைக்கெனப் பிரித்த பகுதி) ஓர் எண், கேரள வட்டத்துக்கு இன்னோர் எண். ஏர்டெல்லுக்குத் தமிழ்நாட்டில் 404 94, கேரளத்தில் 404 95. பி.எஸ்.என்.எல்.லுக்குத் தமிழ்நாட்டில் 404 80, கேரளத்தில் 404 72. வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம் போன்ற இடங்களில் காலையில் ஒரு மாநிலத்தின் டவரும் மாலையில் மறு மாநிலத்தின் டவரும் பிடிப்பது சாதாரணம். கையில் இருக்கும் போனுக்கு இது பொருட்டே அல்ல. ஆளில்லா அறையில் இருக்கும் மோடம் இதில்தான் விழுகிறது. ஏழாவது படியில் இதற்கு மருந்து சொல்கிறேன்.

4. சிம்: அதிக நாள் பிடிக்கும் வேலை

ஊழியர் ஒருவரின் பெயரில் ப்ரீபெய்டு சிம் வாங்கிப் போடும் வழக்கம் ஆலைகளில் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். ரீசார்ஜ் காலாவதியானால் ரீடிங் நிற்கும். பயன்பாடின்றி 90 நாள் கிடந்தால் எண்ணே கைவிட்டுப் போகலாம். அவர் வேலையை விட்டுச் சென்றால் சிம் சட்டப்படி அவருடையது. நிறுவனத்தின் பெயரில் எம்2எம் சிம் வாங்குங்கள். இயந்திரங்களுக்கென்றே தரப்படும் இந்த சிம்களுக்கு 2018 முதல் 13 இலக்க எண் வழங்கப்படுகிறது. குரல் அழைப்பும் எஸ்.எம்.எஸ்.ஸும் கட்டுப்படுத்தப்பட்டிருக்கும், நமக்கு அவை தேவையும் இல்லை.

கேட்கும் ஆவணங்கள்: நிறுவனப் பதிவுச் சான்று, பான் அட்டை, ஜி.எஸ்.டி. சான்று, கையெழுத்திடும் அதிகாரம் பெற்றவரின் நியமனக் கடிதம், அவருடைய அடையாளச் சான்று, சிம் எந்த இடத்தில் எந்தக் கருவியில் போடப்படும் என்ற பட்டியல். முகவரியை நேரில் வந்து சரிபார்ப்பார்கள். அன்று ஆலையின் பெயர்ப்பலகை வாசலில் இருக்கட்டும், கையெழுத்திடுபவரும் இருக்கட்டும்.

இங்கே எல்லைக்கே உரிய ஒரு சிக்கல். ஜி.எஸ்.டி. எண் கேரளத்தில் 32 என்றும் தமிழ்நாட்டில் 33 என்றும் தொடங்கும். கஞ்சிக்கோட்டு யூனிட்டுக்கான சிம்மைக் கோவை அலுவலக முகவரியில், 33-இல் தொடங்கும் எண்ணைக் கொடுத்து வாங்கிவிட்டால் இரண்டு தொல்லைகள். வரி வரவு தவறான மாநிலக் கணக்கில் போய் உட்காரும். சிம் நிரந்தரமாக வெளிவட்டத்தில் இயங்கும். கேரள யூனிட்டுக்குக் கேரள முகவரி, 32 எண். தமிழ்நாட்டு யூனிட்டுக்கு 33. விண்ணப்பம் தனித்தனியாகவே இருக்கட்டும்.

விற்பனைப் பிரதிநிதியிடம் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. ஏ.பி.என். (மோடம் இணையத்துக்குள் நுழையும் வாசல்) பெயர் என்ன? ஐ.பி. முகவரி நிலையானதா, மாறுவதா? சிம் ஒரு குறிப்பிட்ட மோடத்தின் ஐ.எம்.இ.ஐ. எண்ணோடு பூட்டப்படுமா? பக்கத்து வட்டத்தில் தரவு ஓடுமா? நான்காவது கேள்விக்குப் பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். வாயால் ‘ஓடும்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

நிலையான ஐ.பி. கட்டாயம் என்று நினைக்க வேண்டாம். சாதாரண சிம்முக்குப் பல பேர் பகிர்ந்துகொள்ளும் முகவரிதான் கிடைக்கும். வெளியிலிருந்து மோடத்தைக் கூப்பிட முடியாது. ஆனால் மோடமே வெளியே வந்து உங்கள் சர்வரைக் கூப்பிடும்படி அமைத்துவிட்டால் சர்வருக்கு மட்டும் நிலையான முகவரி இருந்தால் போதும். செலவும் குறைவு, பாதுகாப்பும் அதிகம். பொதுவெளியில் திறந்த ஐ.பி.யோடு, தொழிற்சாலைக் கடவுச்சொல்லையும் மாற்றாமல் மோடத்தை வைப்பது ஆலை வாசலைத் திறந்துபோட்டுவிட்டுப் போவதற்குச் சமம்.

சிம் கையில் வர இரண்டிலிருந்து மூன்று வாரம். மாத வாடகை திட்டத்தைப் பொறுத்து ஐம்பது ரூபாயிலிருந்து நூற்றைம்பது வரை. குறைந்த எண்ணிக்கையில் வாங்கினால் பேரம் படியாது. பக்கத்து யூனிட்டுகளோடு ஒரே நாளில் விண்ணப்பித்தால் விலை இறங்கும். ஆனால் ஒவ்வொருவரும் தம் பெயரிலேயே வாங்க வேண்டும். உங்கள் பெயரில் மொத்தமாக வாங்கிப் பிறருக்குச் சேவையாக விற்பதானால் தொலைத்தொடர்புத் துறையில் எம்2எம் சேவை வழங்குநராகப் பதிவு செய்ய வேண்டும்.

5. இப்போது மோடம்

2ஜி மட்டும் உள்ள மோடம் மலிவாகக் கிடைக்கிறது, வாங்காதீர்கள். ஜியோவுக்கு 2ஜி வலைப்பின்னலே கிடையாது. 4ஜி கேட்-1 வகை போதும். மீட்டர் ரீடிங்குக்கு அதற்கு மேல் வேகம் வீண். மூன்றாவது படியில் குறித்த அலைவரிசை மோடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஜியோவுக்கு 3, 5, 40 ஆகிய பட்டைகள். பி.எஸ்.என்.எல். 4ஜிக்கு 700 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 28-ஆம் பட்டை. இது இல்லாத மோடங்கள் சந்தையில் நிறைய இருக்கின்றன.

வெப்பநிலை வரம்பு 70 டிகிரி வரை இருக்கட்டும். பாலக்காட்டுக் கோடையில் வெளியே 40 டிகிரி என்றால் வெயிலில் நிற்கும் இரும்புப் பெட்டிக்குள் அதைவிட எவ்வளவோ கூடுதல். தொலைத்தொடர்புக் கருவிகளுக்கான கட்டாயச் சோதனைச் சான்றான எம்.டி.சி.டி.இ. இருக்கிறதா என்று கேட்டு நகல் வாங்குங்கள். விலை தரத்தைப் பொறுத்து நாலாயிரத்திலிருந்து பத்தாயிரம் வரை. ஆண்டெனா, 12 வோல்ட் மின்வழங்கி, இடித் தடுப்பான், பெட்டி என்று இன்னும் மூவாயிரமாவது ஆகும் என்று முதலிலேயே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

6. வயரிங்

மின்வழங்கி குறைந்தது 2 ஆம்பியர் தாங்க வேண்டும். அலை அனுப்பும் நொடியில் மோடம் திடீரென்று மின்னோட்டத்தை இழுக்கும். பலவீனமான அடாப்டர் அப்போது தொய்ந்து, மோடம் தானாக மறுதொடக்கம் ஆகிக்கொண்டே இருக்கும். பில் மீட்டருக்குப் போகும் பி.டி.யின் 110 வோல்ட்டிலிருந்து மட்டும் ஒருபோதும் மின்சாரம் எடுக்காதீர்கள். அது அளவீட்டின் துல்லியத்தைக் கெடுக்கும். சட்டச் சிக்கலும் கூடவே வரும்.

சிக்னல் இல்லாத அறையென்றால் ஆண்டெனா கேபிளை நீட்டுவதைவிட மோடத்தையே வெளியே கொண்டுபோவது நல்லது. மெல்லிய ஆண்டெனா கேபிள் பத்து மீட்டரில் சிக்னலின் பெரும்பகுதியைத் தின்றுவிடும். ஆர்.எஸ்.485 வயரோ குறைந்த வேகத்தில் 1,200 மீட்டர் வரை போகும். முறுக்கிய, கவசமிட்ட இணைவயர் வாங்குங்கள். கவசத்தை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். பல மீட்டர்களை ஒன்றிலிருந்து ஒன்றுக்கென வரிசையாக இணையுங்கள், கிளை பிரிக்க வேண்டாம். நீளமான வரிசையின் இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை. ஏ, பி என்று குறித்த முனைகள் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். பதில் வரவில்லையென்றால் முதலில் இரண்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள்; எதுவும் எரியாது.

ஐப்பசி இடி மழைக்கு முன்னால் ஆர்.எஸ்.485 வயரிலும் ஆண்டெனாவிலும் இடித் தடுப்பான் போட்டுவிடுங்கள். பெட்டியின் கேபிள் துளைகளை அடைக்கவும் மறக்க வேண்டாம். பல்லியும் எறும்பும் இதமான சூடு தேடி வந்துவிடுகின்றன.

7. செட்டிங்: எல்லைக்கென்று செய்ய வேண்டியவை

மோடத்தைக் கணினியில் இணைத்து ஏ.டி. கட்டளைகளை (மோடத்துக்கு இடும் உத்தரவுகள், AT என்று தொடங்குபவை) ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். சி.எஸ்.க்யூ. கட்டளை 0 முதல் 31 வரை ஓர் எண் தரும். 99 வந்தால் சிக்னலே இல்லை. சி.இ.ரெக். (AT+CEREG?) கட்டளைக்குக் கிடைக்கும் பதிலின் இரண்டாவது எண் 1 என்றால் சொந்த வட்டத்தில் இருக்கிறது. 5 என்றால் ரோமிங். 2 என்றால் தேடுகிறது. 3 என்றால் அனுமதி மறுக்கப்பட்டிருக்கிறது, சிம் நிறுவனத்தைக் கூப்பிடுங்கள்.

பல மோடங்களில் ரோமிங் தரவு முடக்கப்பட்ட நிலையிலேயே வரும். கேரள சிம் தமிழ்நாட்டு டவரைப் பிடித்த நொடியில் பதில் 1-இலிருந்து 5 ஆக மாறி, பதிவு இருந்தும் தரவு நின்றுவிடும். மோடத்தின் பதிவேட்டில் 404 95, 404 94, 404 95 என்று மாறி மாறித் தெரிந்தால் நோய் இதுதான். மீட்டரையும் வயரையும் சந்தேகித்துக் கழற்ற வேண்டாம். முதலில் ரோமிங் தரவைத் திறந்துவிடுங்கள். அதன் பிறகும் ஊசலாட்டம் நிற்கவில்லையென்றால், சி.ஓ.பி.எஸ். கட்டளையால் வலிமையான வட்டத்தின் எண்ணை நிலையாகப் பூட்டிவிடலாம். பூட்டினால் அந்த டவர் பழுதான நாளில் மோடம் வேறெங்கும் போகாது. ஆகவே பூட்டும் வட்டத்தின் சிக்னல் நாள் முழுதும் மைனஸ் 100-க்குள் நிற்கும் இடத்தில் மட்டும் பூட்டுங்கள்.

அடுத்து நேர வரம்புகள். வயரில் நேரடியாகப் பேசும்போது மீட்டர் அரை நொடியில் பதில் தரும். மென்பொருளும் ஒரு நொடிதான் காத்திருக்கும். செல் வலைப்பின்னலில் அது போதாது. பத்து நொடியாக உயர்த்துங்கள். மோடத்தில் தகவலைச் சேர்த்து அனுப்பும் இடைவெளியை 50 முதல் 100 மில்லி நொடி வையுங்கள்; இல்லையென்றால் மீட்டரின் ஒரே பதில் இரண்டு துண்டாகப் போய் மென்பொருள் அதைப் பிழையென்று தள்ளிவிடும்.

இணைப்பு உயிரோடிருக்க மோடம் அவ்வப்போது சிறு தகவல் அனுப்பும். அதை நிமிடத்துக்கு ஒன்றாக வைத்தால், ஒவ்வொன்றும் பதிலோடு சேர்ந்து சுமார் 100 பைட் என்று கொண்டாலும், நாளுக்கு 1,440 முறை, மாதம் நான்கு எம்.பி.க்கு மேல். கால் மணிக்கு ஒன்றாக நாளுக்கு 96 பதிவு தரும் மீட்டரின் தரவுகூட அவ்வளவு வராது. சிம் திட்டம் சிறியதென்றால் மூன்று நிமிடத்துக்கு ஒன்றாக்கிப் பாருங்கள். இணைப்பு அறுந்துபோகாமல் இருந்தால் அப்படியே விடுங்கள். தினமும் ஒரு முறை, நள்ளிரவு தாண்டி, மோடம் தானாக மறுதொடக்கம் ஆகும்படியும் அமையுங்கள்.

8. ரீடிங் ஒத்துப்போகிறதா?

திரையில் எண் வந்துவிட்டதென்று கிளம்பிவிடாதீர்கள். பெருக்கல் எண்ணில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். சி.டி. 50/5 என்றால் 10, பி.டி. 11,000/110 என்றால் 100, பெருக்கினால் 1,000. மீட்டர் இரண்டாம் பக்க அளவைக் காட்டுவதாக இருந்து, ஒரு நாளில் 3.42 ஏறினால் ஓடியது 3,420 யூனிட்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. டி.எல்.எம்.எஸ். வழியாக வரும் எண் கிலோவாட் மணியில் அல்ல, வாட் மணியில் வரும். 3.42 என்பது 3,420 என்று வந்து சேரும். பெருக்கல் எண்ணையும் போடாமல், வாட்டைக் கிலோவாட் ஆக்காமல் விட்டால், இரண்டு தவறும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு விடை சரியாகத் தெரியும். பின்னாளில் சி.டி.யை 100/5 ஆக மாற்றும்போது கணக்கு பாதியாகக் குறையும்; காரணம் யாருக்கும் பிடிபடாது. ஆகவே இரண்டையும் தனித்தனியாகப் பதியுங்கள்.

கடிகாரத்தையும் பாருங்கள். கேரளத்தில் மாலை 6 முதல் இரவு 10 வரை உச்ச நேரக் கட்டணம். சர்வர் உலக நேரத்தில் ஓடினால் மாலை 6 மணிப் பதிவு பகல் 12.30 என்று விழும். உச்ச நேரப் பயன்பாடு முழுவதும் தவறான கட்டத்தில் போய்ச் சேரும். இரண்டு வாரம், தினமும் ஒரே நேரத்தில், மீட்டர் திரையைக் கைபேசியில் படம் எடுத்துக் கணினி எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒரு பில் மாதம் முழுதும் வாரிய ரீடிங்கோடு சரிபார்த்த பிறகே முதலாளிக்கு அறிக்கை அனுப்பத் தொடங்குங்கள்.

9. மாட்டிய பிறகு

ஒரு தாளில் மீட்டர் எண், சிம் எண், ஐ.எம்.இ.ஐ., ஏ.பி.என்., பெருக்கல் எண், பூட்டிய வட்டத்தின் எண் ஆகியவற்றை எழுதி, பிளாஸ்டிக் உறையில் இட்டுப் பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டுங்கள். கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுத வேண்டாம். மோடத்தை மாற்றினால் புது ஐ.எம்.இ.ஐ. எண்ணை சிம் நிறுவனத்துக்கு அன்றே தெரிவியுங்கள். பூட்டிய சிம் புது மோடத்தில் பதிவாகாது.

யூனிட் மூடப்பட்டாலோ மீட்டர் மாற்றப்பட்டாலோ சிம்மை எழுத்து மூலம் ரத்து செய்து, ரத்தான தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். மோடத்தைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டால் மாத வாடகை ஓடிக்கொண்டிருக்கும். அந்த சிம் வேறு யார் கைக்குப் போனாலும் கேள்வி உங்கள் நிறுவனத்துக்குத்தான் வரும்.